சாயம் போடாத சீவல்

நான் தூதுவரான செய்தியைச் சொன்னதும் அம்மா, "வீடும் காரும் தருவினமோ?" என்று கேட்டார். தந்தது ஒரு நீல ரீஷேர்ட்டும் நெஞ்சில் குத்திக்கொள்ள ஒரு சின்னமும். ஒரு விஞ்ஞானச் சங்கத்தின் சார்பில் ஆய்வுகூடங்களுக்குப் போய், உடலின் உள்ளே இருக்கும் நுண்ணியவற்றை நுணுக்குக்காட்டியால் எப்படிச் சரியாகப் படமெடுப்பது என்று விளக்குகிற வேலை. சம்பளம் கிடையாது. இருந்தும் விண்ணப்பித்தேன். ஒரேயொரு ஆளைப் பழிவாங்குவதற்காகத்தான்.

அந்த ஆள் சிட்னியில் என்னுடைய குழுத் தலைவராக இருந்தவர். அப்போது நான் வென்ட்வேர்த்வில்லில் இருந்து ரயிலேறி, அவருடைய ஆய்வுகூடத்துக்கு ஒப்பந்த வேலைக்குப் போய்வந்தேன். ஒரு வெள்ளிக்கிழமை எலியின் சிறுநீரகத்தை மிக மெல்லியதாகச் சீவி, நாங்கள் தேடிக்கொண்டிருந்த புரதத்தை மட்டும் பச்சையாகக் காட்டும் சாயத்தைப் போட்டுப் படமெடுத்தேன். பச்சை என்றால் அப்படியொரு பச்சை. சந்தோஷம் தாங்காமல் அன்றைக்கே அவருக்கு அனுப்பிவிட்டேன். சாயம் போடாத சீவலையும் படமெடுத்து ஒப்பிடாமல் ஒருவருக்கும் எதையும் காட்டக்கூடாது என்பது எங்கள் தொழிலின் முதல் பாடம். அவசரப்பட்டது என் பிழைதான்.

திங்கட்கிழமை அவர் அந்தப் படத்தைத் தன் பெயரில் தூதுவர் விண்ணப்பத்தோடு சேர்த்துவிட்டார். அந்த ஆண்டு தூதுவர் அவர். நான் போய்க் கேட்டபோது, "படம் குழுவினுடையது" என்றார். கணினியை விட்டுத் தலையைக்கூடத் திருப்பவில்லை.

அந்த வியாழக்கிழமை, விட்ட வேலையை முடிப்போம் என்று சாயம் போடாத சீவலை நுணுக்குக்காட்டியில் வைத்துப் படமெடுத்தேன். அதுவும் பச்சையாக ஒளிர்ந்தது. அதே இடங்களில், அதே அளவு. என்றால் அந்தப் பச்சை புரதமே அல்ல, சிறுநீரகத்துக்கு இயல்பாக உள்ள ஒளி. படம் பொய். சொல்லத்தான் அவருடைய அறைக்குப் போனேன். கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே யாருக்கோ தொலைபேசியில், அந்தப் படத்துக்காகத் தான் எவ்வளவு பாடுபட்டார் என்று விவரித்துக்கொண்டிருந்தார். நல்லாய்ப் படட்டும் என்று திரும்பி வந்துவிட்டேன்.

என் ஒப்பந்தத்தை அவர் நீட்டிக்கவில்லை. இரண்டு படங்களின் பிரதிகளோடும் நான் மெல்பேர்ணுக்கு வந்து கிரான்பர்னில் குடியேறினேன். படமோ கதவளவு பெரிதாகி அவர் பெயரோடு நிறுவன வாசலில் தொங்கியது. அதை நம்பிப் புதிய ஆய்வொன்றும் தொடங்கினார் என்று கேள்விப்பட்டேன். மூன்று வருடம் கறுவிக்கொண்டிருந்தேன். கடைசியில் நானும் தூதுவரானேன். 'படமெடுப்பதில் நேரும் பிழைகள்' என்று நான் அறிவித்த உரைக்கு முதலில் அழைத்தது அவருடைய நிறுவனம்தான்.

உரைக்கு முன் தேநீர் மேசையருகே ஒரு பெண் என்னிடம் வந்தாள். கோயம்புத்தூர்க்காரி, அவரிடம் ஆய்வு மாணவி.

"அக்கா, ரெண்டு வருஷமா அந்த வாசல் படத்த வச்சுத்தான் வேலை பாக்குறேன். சாயம் போடாததுலயும் பச்சை வருது. ப்ரொஃபசர்கிட்ட சொன்னா, உன் கை சரியில்லங்கறார். ஸ்காலர்ஷிப் வேற முடியப்போகுது."

"உங்கட கையில ஒரு பிழையும் இல்ல. பேச்சைக் கேளுங்கோ" என்றேன். அவளுக்காகவும் சேர்த்து அடிக்கப்போகிறேன் என்று எனக்கு இன்னும் வீறாப்பு ஏறியது.

முதலில் அந்தப் படத்தைப் பெயரில்லாமல் திரையில் போட்டேன். முன்வரிசையில் இருந்த அவர் சிரித்தார். தன் படத்தைப் புகழ வந்திருக்கிறேன் என்று நினைத்திருப்பார். "இதில் என்ன பிழை?" என்று கேட்டுவிட்டு, அடுத்ததாகச் சாயம் போடாத சீவலைப் போட்டேன். அதே பச்சை. நிறுவனத் தலைவர் அவர் பக்கம் திரும்பி, "இது எங்கள் வாசலில் இருக்கிற உங்கள் படம் அல்லவா?" என்றார்.

அவர் முகம் வெளிறியது. "நான் எடுத்ததில்லை" என்றார். "எடுத்தது இவர்தான்." விரல் என்னைக் காட்டியது.

மூன்று வருடம் நான் கேட்க ஆசைப்பட்ட வார்த்தை அது. அதை அத்தனை பேருக்கு முன்னால் அவர் வாயாலேயே சொல்லவைத்தேன். இப்போது நினைத்தாலும் இனிக்கிறது. அதோடு விட்டிருக்கலாம். ஆனால் படம் என்னுடையதுதான் என்று ஒருவருக்கும் சந்தேகம் வரக்கூடாதே. எங்கள் நுணுக்குக்காட்டிகள் ஒவ்வொரு படத்திலும் யார் எடுத்தது, எப்போது எடுத்தது என்று தாமாகப் பதிந்துவைக்கும். இரண்டு படங்களின் பதிவையும் பெரிய எழுத்தில் போட்டேன். என் பெயர், திகதி. என் பெயர், திகதி.

கூட்டம் கலைந்தபோது அவர் வெளியேறினார். நான் கணினியை மூடிக்கொண்டு நின்றேன். அந்தப் பெண் குறிப்பெடுத்த கொப்பியோடு வந்தாள். நன்றி சொல்லத்தான் வருகிறாள் என்று நினைத்துச் சிரித்தேன்.

"அக்கா, ரெண்டு படத்துக்கும் நடுவுல ஆறே நாள்தான்."

"ஓம்."

"ரெண்டுமே நான் இந்த ஊருக்கு வர்றதுக்கு ஒரு வருஷம் முன்னாடி எடுத்தது."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. "அந்த மனுசன் எனக்குச் செய்தது உங்களுக்குத் தெரியாது" என்று தொடங்கினேன்.

"அவரப் பத்தி நான் கேக்கலக்கா" என்றாள். குரலை உயர்த்தவில்லை. "படம் தப்புன்னு அப்பவே ஒரு மெயில் போட்டிருந்தா போதுமே."

கொப்பியைப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். மெல்பேர்ண் விமானத்தில் ஏறிய பிறகுதான் நெஞ்சில் அந்தச் சின்னம் இன்னும் குத்தியிருப்பதைப் பார்த்தேன். கழற்றிப் பைக்குள் போட்டேன்.