வேகமான தோட்டா

தொண்ணூறுகளில் சுவிஸின் ஊஸ்டரில் ஓர் உணவகத்தில் மான் இறைச்சி வெட்டிக்கொண்டிருந்தேன். கூடவே கோப்பை கழுவிய அண்ணை, முதலாளியின் வேட்டைச் சஞ்சிகைகளை வாசித்து ஜெர்மன் பழகியவர். துவக்கைத் தொட்டே அறியாதவர், எந்தத் தோட்டா சிறந்ததென்று அதில் எழுதுபவர்களைவிட அடித்துப் பேசுவார்.

"பழசெல்லாம் குப்பை. வேகமான புதுத் தோட்டாதான் திறம் எண்டு போட்டிருக்கு," என்றார் அன்றும்.

எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. முதலாளி அந்தத் தோட்டாவால் சுட்ட மான்தான் என் முன்னால் கிடந்தது. ஒரு தோள் முழுவதும் தோட்டாவின் வேகத்தில் இரத்தம் கட்டிக் கறுத்து, சட்டிக்கு உதவாமல் போயிருந்தது. அதை அறுத்து, அண்ணை விரித்து வைத்திருந்த சஞ்சிகைப் பக்கத்தில், எழுதியவரின் படத்தின் மேலேயே போட்டேன்.

"எழுதினவர் இதை ஒருநாளாவது வெட்டிப் பாத்தவரோ, அண்ணை?"

அண்ணை இறைச்சியைத் தள்ளிவிட்டுப் படத்தைத் துடைத்தார்.

"இப்பிடி வந்தால் சுட்டவரிலதான் பிழை எண்டும் எழுதியிருக்கு."