முதல் அப்டேட் யாருக்கு?

எங்கள் டெல்லி அலுவலகத்தில் புது நாற்காலி வந்தால் முதலில் இயக்குநருக்கு. புது ஏசி வந்தாலும் அவருக்குத்தான். தொலையட்டும். ஆனால் கம்ப்யூட்டர் அப்டேட்டையும் அதே வரிசையில் கேட்டாரே, அதை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. புது அப்டேட் வந்தால் முதலில் ஸ்டோர் கிளார்க்கின் மிஷினில் மட்டும் போடுவேன். ஒரு மாதம் ஓட்டிப் பார்த்து, எதுவும் கெடவில்லை என்று அவள் சொன்ன பிறகுதான் மற்றவர்களுக்கு. இங்கேயே லக்ஷ்மிபாய் நகரில் வளர்ந்த தமிழ்ப் பெண், ஒப்பந்த ஊழியர். சின்னக் கோளாறு என்றாலும் ஓடி வந்து சொல்லிவிடுவாள்.

ஒரு நாள் அவள் திரையில் இருந்த புதுப் பட்டன் இயக்குநர் கண்ணில் பட்டுவிட்டது. கிளார்க்குக்கு வந்தது தனக்கு ஏன் வரவில்லை என்று இந்தியில் கத்தினார்.

"சார், முதலில் வருவது மரியாதை இல்லை. குழம்பை ஒருத்தர் ருசி பார்ப்பது மாதிரி. டெண்டருக்கு வேண்டிய டிஜிட்டல் கையெழுத்து உங்கள் மிஷினில்தான் பதிவாகியிருக்கிறது, வேறு எதிலும் போட முடியாது" என்று கெஞ்சினேன்.

கேட்டால்தானே! பட்டியலில் அவளை எடுத்துவிட்டு என்னை முதலில் போடு, ஜல்தி என்றார். போட்டேன்.

அடுத்த மாதம் ஒரு பெரிய டெண்டர். அது கிடைக்காவிட்டால் ஒப்பந்த ஊழியர்கள் பன்னிரண்டு பேருக்கும் வேலை போய்விடும். அது அவருக்கும் தெரியும். டெண்டர் அனுப்பக் கடைசி நாள், பிற்பகல் மூன்று மணி வரைதான் நேரம். அன்று காலை அவர் மிஷினில் அடுத்த அப்டேட் தானாக இறங்கியிருந்தது. கையெழுத்துக்கான யூஎஸ்பி சாவியைச் செருகினால் மிஷின் சீந்தவே இல்லை. பழைய பதிப்புக்குத் திருப்பினேன். அது ஆமை வேகத்தில் திரும்பி முடித்தபோது மணி மூன்றேகால்.

"எல்லாம் உன்னால்தான்" என்றார், அத்தனை பேர் முன்னால். வாய் கூசவில்லை அந்த மனுஷனுக்கு.

டெண்டர் போயிற்று. மாதக் கடைசியில் மற்றவர்களோடு ஸ்டோர் கிளார்க்குக்கும் வேலைநீக்கக் கடிதம் கொடுத்துவிட்டார்கள். மேஜையைக் காலி செய்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"அக்கா, அந்த சைன் பண்ற ஸாஃப்ட்வேர் பில்லுக்காக ஸ்டோர் மிஷின்லயும் இருக்கே. எனக்கு முதல்ல போட்டிருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பேனே. என்னை ஏன் எடுத்தீங்க?"

அவர் சொன்னார், அதனால் எடுத்தேன் என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. முடியாது என்று நான் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.