தையல்காரம்மாவின் மகன் பள்ளிக்கூடம் போன நாள்

தையல்காரம்மாவுக்கு வாய் கொஞ்சம் நீளம் என்பது தெருவுக்கே தெரியும். அளவு கொடுக்க வந்து நிற்கிற பெண்களிடம், "போன தடவை எடுத்தது உன் ஆசைக்கு எடுத்த அளவு. இன்னைக்கு உன் உடம்புக்கு எடுப்போமா?" என்பாள். கேட்டவர்களே சிரித்துவிடுவார்கள். கணவர் போன பிறகு ஒற்றை மெஷினை மிதித்தே இரண்டு பிள்ளைகளை ஆளாக்கியவள். மகளை வெளியூரில் கட்டிக்கொடுத்தாயிற்று. மகன்தான் மிச்சம். வளர்ந்த வளர்த்திக்கு வாசல்படி தோறும் தலையை இடித்துக்கொள்வான். அம்மா உட்பட எல்லோருக்கும் அவன் நெட்டை.

நெட்டை பட்டாளத்தில் சேர்ந்தது லட்சியத்தினால் அல்ல. ஆள் எடுக்கிறார்கள் என்று கூட்டாளி ஒருவன் புறப்பட்டபோது துணைக்குப் போனான். அவர்கள் கூட்டாளியைத் திருப்பி அனுப்பிவிட்டு இவனைப் பிடித்துக்கொண்டார்கள். "துணைக்குப் போனவனை மாப்பிள்ளையாக்கிட்டாங்க" என்று அம்மா கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தாள். அங்கே அவனுக்கு முதலுதவி வேலை. அடிபட்டவனுக்குக் கட்டுப் போட்டு வண்டியில் ஏற்றிவிட வேண்டும். "சுடுற வேலை இல்லையே, அதுவரைக்கும் நிம்மதி" என்று நினைத்தாள்.

சண்டை முடிந்து கை கால் முழுசாகத்தான் வந்தான். அவள் முதலில் தடவிப் பார்த்தது அதைத்தான். மற்றது தெரிய நாளாயிற்று. மாடி அறையை விட்டு இறங்கமாட்டான். நாலு வார்த்தை கேட்டால், "ஒண்ணுமில்லம்மா" என்று ஒன்று வரும். தெருமுனை மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டான். சாயங்காலம் மட்டும் கீழே வந்து, கட்டிங் மேசைக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்து பட்டன் ஓட்டைக்குக் காஜா எடுப்பான், பட்டன் தைப்பான். அந்த வேலையில் மட்டும் ஒரு தையல் பிசகாது. அந்தப் பக்கம் போகிறவர்கள் நெற்றிப் பொட்டில் விரலை வைத்துத் திருகிக் காட்டியதை அவள் பார்த்திருக்கிறாள். பார்க்காத மாதிரி பாபினில் நூல் சுற்றுவாள்.

அப்படி ஒரு சாயங்காலம் மூன்றாம் வகுப்பு டீச்சர் ஒரு மூட்டைத் துணியோடு வந்து நின்றாள். பச்சையும் பழுப்பும் திட்டுத்திட்டாகப் போட்ட துணி.

"நம்ம வீரர்களைப் பத்தி பிள்ளைங்களுக்குப் பாடம் நடத்தறோம்மா. கடைசி நாள் ஒரு சின்ன நாடகம். வகுப்புக்கே பட்டாளச் சட்டை வேணும்."

தையல்காரம்மா துணியைத் தடவிப் பார்த்து, "இதெல்லாம் தைக்கிறதுக்கு என் வீட்டுலயே ஆள் இருக்கு. போட்டுப் பார்த்தவனாச்சே" என்றாள். வாய்தான் நீளமாயிற்றே.

டீச்சர் எட்டிப் பார்த்தாள். மேசைக்குப் பின்னால் நீளக் கால்களை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தவனைப் பார்த்ததும் அவள் முகம் விரிந்தது. நல்ல பெண். மனசில் ஒரு கள்ளம் கிடையாது.

"நீங்களா சார்? நாங்க புத்தகத்துல படம் காட்டிட்டிருக்கோம். நீங்க இங்க உட்கார்ந்து பட்டன் தைக்கிறீங்களே! கட்டாயம் வரணும்."

"எனக்குப் பேச வராதுங்க."

"பேசவே வேண்டாம் சார். வந்து உட்கார்ந்தா போதும்."

அவன் அம்மாவைப் பார்த்தான். வேண்டாம் என்று சொல் என்பதுபோல ஒரு பார்வை. அவளுக்கு அது புரியாமல் இல்லை. ஆனால் நெற்றிப் பொட்டைத் திருகிக் காட்டுகிற தெரு ஒரு நாளாவது அவனுக்கு எழுந்து நிற்கட்டுமே என்று நாக்குத் துடித்தது. "போயிட்டு வாடா நெட்டை. சின்னப் பிள்ளைங்கதானே" என்றாள்.

இருந்தாலும் மறுநாளே பள்ளிக்கு ஓடிப் போய் டீச்சரைத் தனியாகக் கூப்பிட்டாள். "வெடிச் சத்தம், துப்பாக்கிச் சத்தம் எதுவும் போட்டுடாதீங்கம்மா. அவனுக்கு ஆகாது." டீச்சர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "சத்தமே இருக்காது, நான் பொறுப்பு" என்றாள். சொன்ன சொல்லைக் காப்பாற்றவும் செய்தாள்.

அந்த நாள் நன்றாகத்தான் ஆரம்பித்தது. இஸ்திரி போட்ட சட்டையில் அவனைப் பார்த்ததும் பெற்றோர் கூட்டம் வழிவிட்டது. முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். ஒரு பொடியன் தான் வரைந்த வாழ்த்து அட்டையைத் தலைகீழாக நீட்ட, நெட்டை அதை அப்படியே தலைகீழாக வாங்கிக்கொண்டு சிரித்தான். பக்கத்தில் இருந்த அம்மா முகத்தைத் திருப்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பிறகு நாடகம். டீச்சர் வாக்குக் கொடுத்தபடி புல்லாங்குழல் இசை மட்டும் மெல்ல ஓடியது. பிள்ளைகள் மரக்கட்டைத் துப்பாக்கிகளோடு குனிந்து குனிந்து நடந்தார்கள். நடுவில் ஒரு வீரர் விழ வேண்டும். அதற்கு மருந்துக்கடைக்காரர் மகளைப் பிடித்திருந்தார்கள். மற்றதெல்லாம் படுத்தவுடன் கிக்கிக்கென்று சிரித்துவிடும், இவள் ஒருத்திதான் கல்லுமாதிரி கிடப்பாள் என்பதற்காக. தோளில் சிவப்புப் பெயின்ட் தீற்றியிருந்தது. விழுந்தாள். விழுந்த பிறகு ஓர் அசைவு இல்லை.

"நமக்காக உயிரைக் கொடுத்த வீரருக்கு வணக்கம் செலுத்துவோம்" என்றாள் டீச்சர் மைக்கில். மேடையில் எல்லாப் பிள்ளைகளும் விறைத்து நின்று சல்யூட் வைத்தார்கள். கீழே பெற்றோரும் எழுந்து நின்றார்கள். அத்தனை பேரும் நின்றார்கள், விழுந்து கிடந்த பிள்ளையிடம் ஒருவரும் போகவில்லை.

நெட்டை போனான்.

நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்த சத்தத்தைத்தான் அம்மா முதலில் கேட்டாள். அதற்குள் அவன் மேடையில் முட்டி போட்டிருந்தான். கைக்குட்டையைச் சுருட்டி அந்தச் சிவப்பின் மேல் வைத்து இரண்டு கையாலும் அழுத்தினான். குழந்தை பயந்து வீரிட்டது.

"கத்து, நல்லாக் கத்து" என்றான் அவன். குரல் அவ்வளவு கனிவாக இருந்தது. "கத்துற வரைக்கும் பயமில்ல. கண்ணை மட்டும் மூடிடாத. என்னையப் பாரு. வண்டி வந்துட்டிருக்கு. உன்னை உங்கம்மாகிட்ட கொண்டுபோய் விட்டுடறேன். பாரு, என்னைய மட்டும் பாரு."

ஊர் திரும்பியதிலிருந்து அவன் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி அவள் கேட்டதில்லை.

மருந்துக்கடைக்காரர் பாய்ந்து வந்து அவனை இழுத்தார். அவன் அசைந்து கொடுக்கவில்லை. முகத்தில் அறைந்தார். திருப்பி அடிக்க அவன் கையை ஓங்கவில்லை. அவர் கையைப் பிடித்து அதே கைக்குட்டையின் மேல் வைத்து, "இங்க அழுத்திப் பிடிங்க. என்ன ஆனாலும் விட்டுடாதீங்க" என்று கெஞ்சினான். நாலு பேர் சேர்ந்துதான் அவனைக் கீழே கொண்டுவர முடிந்தது. மேடையில் பாதிப் பிள்ளைகள் அழ, மீதிப் பிள்ளைகள் இறக்கச் சொல்ல ஆளில்லாமல் சல்யூட் வைத்த கையோடு நின்றார்கள்.

வீட்டுக்கு வந்து மாடிப்படி ஏறும்போது கேட்டான்: "அந்தப் பிள்ளை?"

"நல்லா இருக்காடா. பெயின்ட்டுடா அது. ஒண்ணும் ஆகல."

"போன தடவையும் அப்படித்தாம்மா சொன்னாங்க."

அதற்குப் பிறகு நடந்ததில் யாரையும் குற்றம் சொல்ல முடியாது என்பதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. டீச்சர் வந்து மேசையில் தலை சாய்த்து அழுதுவிட்டுப் போனாள். மருந்துக்கடைக்காரர், தையல்காரம்மா மாத்திரை வாங்கப் போனபோது, சத்தம் போடவில்லை. "என் பொண்ணு தூக்கத்துல அலறி எழுந்திருக்கறாம்மா. தோள்ல விரல் பதிஞ்ச தடம் இன்னும் போகல. உங்க மேல கோவம் கிடையாது. கொஞ்ச நாளைக்கு இங்க வராதீங்க" என்றார். அன்றிலிருந்து பஸ் ஏறிப் போய் வேறு கடையில் வாங்கினாள்.

பிள்ளைகள்தான் சீக்கிரம் தேறினார்கள். ஒருநாள் தெருவில் சிரிப்புச் சத்தம் கேட்டுத் தலையைத் தூக்கினாள். ஒருத்தி தரையில் கிடக்க, இன்னொருத்தன் அவள் தோளை அமுக்கிக்கொண்டு, "கண்ணை மூடிடாத! வண்டி வருது! வண்டி வருது!" என்று கத்தினான். சுற்றி நின்றவை விழுந்து விழுந்து சிரித்தன. தையல்காரம்மா மர ஸ்கேலோடு வெளியே ஓடினாள்.

"என்னடா பண்றீங்க?"

ஓடாமல் நின்ற ஒரு குட்டி, பயமே இல்லாமல் சொன்னது: "வீரர் விளையாட்டு விளையாடறோம் ஆன்ட்டி. ஸ்கூல்ல சொல்லிக்கொடுத்தாங்க."

ஓங்கிய ஸ்கேலை என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. அண்ணாந்து பார்த்தாள். மாடி ஜன்னலில் நெட்டை நின்றிருந்தான். எவ்வளவு நேரமாக நின்றானோ. மெதுவாக இரண்டு கதவையும் இழுத்துச் சாத்தினான். வெயில் கொளுத்துகிற நாளிலும் அந்த ஜன்னல் பிறகு திறக்கவில்லை.

பட்டன் தைக்கவும் அவன் இறங்குவதில்லை. காஜாவுக்கு வெளியே கொடுத்து வாங்கினாள். கடையில் அவள் பேச்சும் குறைந்தது. அளவெடுத்தாள், எழுதினாள், அனுப்பினாள். அடுத்த வருஷமும் பள்ளியில் அந்தப் பாடம் நடந்தது. சட்டைகளை ரெடிமேடாக வாங்கிக்கொண்டார்கள் என்று யாரோ சொன்னார்கள்.

மகள் போனில், "எங்கயாவது சேர்த்துடும்மா அவனை. உனக்கும் வயசாகுது. உனக்கப்புறம் யாரு பார்ப்பா?" என்றாள். அவளும் அப்படி ஓர் இடத்தைப் போய்ப் பார்த்தாள். நீளமான வராந்தா, வரிசையாகக் கட்டில்கள், கழுவிவிட்ட தரை. கட்டிலுக்கொருவராகச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள், எல்லாம் நெட்டை வயசுப் பையன்கள். நல்ல இடம்தான் என்று மகளிடம் சொன்னாள். சேர்க்கவில்லை.

ஒருநாள் சாப்பாட்டுத் தட்டைக் கொண்டுபோய் வைத்தவள், இறங்காமல் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். எத்தனையோ நாளாகத் தொண்டையில் கிடந்ததைக் கேட்டாள்.

"அன்னைக்கு வண்டி வருதுன்னு சொன்னியே, அது யாரை நெனைச்சுடா? உன் கூட இருந்தவனா?"

அவன் யோசித்தான். சொல்லிவிடுவான் போலத்தான் இருந்தது. உதடு அசைந்தது.

"யாருன்னு கேட்டா எப்படிம்மா சொல்றது?" என்றான். "ஒருத்தனா?"

அவள் எழுந்தாள். தட்டில் பாதி அப்படியே இருந்தது. "இன்னும் ரெண்டு வாய் சாப்பிடு" என்றாள். அவன் அவளுக்காக ஒரு வாய் எடுத்து மென்றான். விழுங்கும்வரை நின்று பார்த்துவிட்டுக் கீழே இறங்கினாள்.