மாற்று ஆள் வராத பகல்

ஆம்புலன்ஸ் வேலைக்கு வருவதற்கு முன் ஜெர்சி ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனி ஒன்றில் அசெம்பிளி லைனில் நின்று வேலை பார்த்தாள். ஒருநாள் பக்கத்தில் நின்ற பெண் மயங்கி விழுந்தாள். ஆம்புலன்ஸிலிருந்து இறங்கி வந்தவளும் ஒரு பெண்தான். அவள் யாரையும் கேட்காமல் லைனை நிறுத்தச் சொன்னாள். எதற்கும் நிற்காத லைன் நின்றது. ஜெர்சியின் மனசில் அது பதிந்துவிட்டது. அடுத்த வருஷமே ஆம்புலன்ஸ் வேலைக்கான படிப்பில் சேர்ந்தாள். முடித்ததும், தொழிற்பேட்டைக் கம்பெனிகளுக்கு ஆம்புலன்ஸ் விடும் ஒரு தனியார் நிறுவனத்தில் இ.எம்.டி. ஆனாள். வண்டியின் பின்னால் நோயாளியோடு உட்கார்ந்து முதலுதவி செய்கிறவர்தான் இ.எம்.டி. ஓட்டுகிறவரை பைலட் என்பார்கள்.

லைனில் ஒரு வசதி இருந்தது. சங்கு ஊதினால் ஷிப்ட் முடிந்தது. இங்கே பேச்சுக்குத்தான் பன்னிரண்டு மணி நேரம். மாற்று ஆள் வந்து வண்டியை ஏற்றுக்கொண்டால்தான் வீட்டுக்குப் போக முடியும். ஆள் வராவிட்டால் அடுத்த பன்னிரண்டு மணி நேரமும் அவள் தலையில்தான் விழும்.

படப்பையில் அவளும் கணவன் அமலனும் இருந்த வாடகை வீட்டுக்கு ஆஸ்பெஸ்டாஸ் கூரை. சுற்றிலும் மனைகள். பகலெல்லாம் எங்கேயாவது ஜேசிபி ஓடிக்கொண்டிருக்கும். நைட் பார்த்துவிட்டு வந்து படுத்தால் தூக்கம் துண்டு துண்டாகத்தான் வரும். ஒருநாள் அடுப்பில் பாலை வைத்துவிட்டு அதன் எதிரிலேயே நின்றாள். பால் பொங்கி, அடுப்பு அணைந்து, காஸ் பரவியிருக்கிறது. அமலன் ஓடிவந்து அடுப்புக் குமிழைத் திருகி மூடினான்.

"இன்னா ஜெர்சி, கண்ண தொறந்துகினு தூங்குறியா?"

அவள் சிரித்து மழுப்பினாள். ஆனால் அன்றிலிருந்து அவளுக்குள் ஒரு பயம் குடியேறியது. பால் பொங்கியது அவளுக்குத் தெரியவே இல்லை. அந்த நேரம் முழுக்க அவள் எங்கே போயிருந்தாள்? இதே மாதிரி வண்டியில் நடந்தால்?

அது சித்திரை வெயில் காலம். இரவு முழுக்க ஓடிவிட்டு, காலையில் ஷாலினுக்காகக் காத்திருந்தாள். ஷாலின்தான் பகல் ஷிப்ட் இ.எம்.டி. சூப்பர்வைசர் ரகுபதியிடமிருந்துதான் போன் வந்தது.

"ஷாலின் கொழந்தைக்கு ஜுரமாம். நீயே கன்டின்யூ பண்ணிக்கோம்மா."

"சார், பைலட் அண்ணனுக்கும் ஆள் வரல. ரெண்டு பேருமே நைட்டு பாத்தவங்க."

"நான் இன்னா பண்றது சொல்லு? வண்டிய ஆஃப் ரோடு, ஓடலன்னு காட்டுனா கான்ட்ராக்டே பூடும்."

பைலட் இசக்கியப்பன் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். டீயை வாங்கி, தூக்கம் கலைய அதன் ஆவியை முகத்தில் பிடித்துக்கொண்டே, "விடு தாயி, சமாளிச்சிருவோம்" என்றார். அவர் கண் இரண்டும் சிவந்திருந்தன.

மதியம் ஒரு கம்பெனி கேன்டீனிலிருந்து அழைப்பு வந்தது. தசரதன் என்ற தொழிலாளிக்கு வலிப்பு. வலிப்பு நிற்கவே இல்லை. அதே கம்பெனியில் கூட்டிப் பெருக்கும் அவர் மனைவி செங்கமலம் தலைமாட்டில் மண்டியிட்டு அழுதுகொண்டிருந்தாள். அவளையும் ஏற்றிக்கொண்டு வண்டி கிளம்பியது. ஜெர்சி போனில் நிறுவனத்து டாக்டரைப் பிடித்தாள். வலிப்பை நிறுத்தும் ஊசி ஒன்று போடச் சொன்னார் அவர். நிற்காவிட்டால் மறுபடி கேட்காமல் அடுத்தது போடக் கூடாது என்றார். அந்த மருந்து கூடினால் மூச்சை அடக்கிவிடும். ஜெர்சி ஊசி போட்டாள்.

வலிப்பு நின்றது. அவர் உடம்பு தளர்ந்தது. ஜெர்சி பெருமூச்சு விட்டுக் குனிந்தபோது மருந்துத் தட்டில் இரண்டு காலிக் குப்பிகள் கிடந்தன.

காலையில் அந்தத் தட்டைத் துடைத்து வைத்தவள் அவள்தான். அதற்குப் பிறகு இதுதான் முதல் ஊசி. இரண்டாவது குப்பியை உடைத்தது எப்போது? நினைவைத் துழாவினாள். முதல் ஊசி நினைவிருந்தது. அதற்குப் பிறகு அடுத்துக் கண்ணில் பட்டது இந்தத் தட்டுதான். நடுவில் அவளுடைய கை ஏதோ செய்திருக்கிறது. அவள் அங்கே இல்லை.

"யக்கா, அவுரு மூச்சு வுடலியே?" என்றாள் செங்கமலம்.

தசரதனின் நெஞ்சு அசையாமல் கிடந்தது. உதடு கறுத்துக்கொண்டு வந்தது. ஜெர்சி முகமூடியை அவர் வாயோடு அழுத்தி, காற்றுப் பையைப் பிழிந்தாள். நெஞ்சு எழுந்தது. விட்டாள். மறுபடி பிழிந்தாள். இனி ஆஸ்பத்திரி வரும்வரை இவருடைய மூச்சு அவள் கையில். அந்தக் கையைத்தான் அவளால் நம்ப முடியவில்லை.

அப்போது வண்டி மெல்ல இடப்பக்கம் சாய்ந்தது. முன்கண்ணாடியில், கார்களை ஏற்றிப்போகும் நீளமான டிரெய்லர் ஒன்றின் பின்புறம் நெருங்கிக்கொண்டே வந்தது.

"அண்ணே!"

வண்டி குலுங்கி நேரானது. "முழிச்சுத்தாம்மா இருக்கேன்" என்றார் இசக்கியப்பன். குரல் குழறியது. கொஞ்ச தூரம் போனதும் மறுபடி சாய்ந்தது. இந்த முறை அவள் கத்திய பிறகும் பதில் வரத் தாமதமானது.

நிறுத்தச் சொல்லலாம். நிறுத்தினால் வேறு வண்டி வரும்வரை இந்த மனிதர் தாங்குவாரா? ஓடினால் நான்கு பேரும் டிரெய்லருக்கு அடியில் போகலாம். பையைப் பிழிந்துகொண்டே அவள் செங்கமலத்தைப் பார்த்தாள்.

"அண்ணே, ஓரமா ஒரு செகண்டு நிறுத்துங்க. யக்கா, நீ எறங்கிப் போயி முன்னாடி குந்து. வண்டி ஓட்டுற அண்ணன் தூங்கிடக் கூடாது. எதுனா கேட்டுக்கினே இரு. பதில் வரலன்னா தோள்ல அடி."

"நான் இன்னா கேக்குறது? என் புருசன் இங்க இப்டிக் கெடக்குறாரு."

"எதுனா கேளுக்கா. உன் புருசனுக்காகத்தான்."

செங்கமலம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு இறங்கி ஓடி முன்னால் ஏறினாள். வண்டி நகர்ந்தது. அவள் குரல் நடுங்கியபடி பின்பக்கம் கேட்டது.

"உனுக்கு எந்த ஊருண்ணா?"

"வள்ளியூர் பக்கம்."

"புள்ளைங்க எத்தினி?"

"ரெண்டு."

"இன்னா படிக்கிதுங்க? ... அண்ணா? அண்ணா!" அடி விழும் சத்தம் கேட்டது.

"மூத்தவ காலேஜி... எளையவன் பத்து."

தன் புருஷன் உயிரோடு இருக்கிறாரா என்று திரும்பிப் பார்க்கக்கூட அவளுக்கு நேரமில்லை. அந்த ஊரில் மழை எப்படி, மாமியார் இருக்கிறாளா, மீன் என்ன விலை என்று அழுதுகொண்டே கேட்டாள். இசக்கியப்பன் குழறிக் குழறிப் பதில் சொன்னார். ஜெர்சி அந்தக் கேள்விகளின் தாளத்திலேயே பையைப் பிழிந்தாள். தான் மறுபடி எங்காவது போய்விடுவோமோ என்று பயந்து, ஒவ்வொரு பிழிவையும் வாய்விட்டு எண்ணினாள். நெடுஞ்சாலை ஓரத்து ஆஸ்பத்திரியின் வாசலில் வண்டி நின்றபோது அவளால் விரல்களைப் பிரிக்க முடியவில்லை. நர்ஸ்தான் ஒவ்வொன்றாகப் பிரித்தாள்.

"எவ்வளவு மருந்து குடுத்தீங்க?" என்றார் அவசரப் பிரிவு டாக்டர்.

"ரெண்டு குப்பி டாக்டர். ஒண்ணுதான் போடச் சொன்னாங்க. ரெண்டாவது போட்டது எனக்கு ஞாபகமே இல்ல. நேத்து நைட்லேர்ந்து டூட்டில இருக்கேன்."

டாக்டர் அவளை நிமிர்ந்து பார்த்தார். உடனே உள்ளே ஓடினார். அளவு தெரிந்ததால் எதிர்மருந்தை உடனே கொடுக்க முடிந்தது. சாயங்காலம் தசரதன் தானாக மூச்சு விட்டார். மூன்றாம் நாள் வீட்டுக்குப் போனார்.

ரகுபதி அவளை ஆபீசுக்குக் கூப்பிட்டார்.

"ஒண்ணுதான்னு சொல்லிட்டுப் போயிருக்கலாமே. யாருக்குத் தெரியப்போவுது?"

"அவரு செத்திருப்பாரு சார்."

"வேல போனா இன்னா பண்ணுவ?"

வேலை போகவில்லை. ஒரு மெமோ வந்தது. இசக்கியப்பன் இனி ஸ்டியரிங்கைத் தொடமாட்டேன் என்று சொல்லி வேலையை விட்டு ஊருக்குப் போய்விட்டார். பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் வண்டியில் ஏறுவதில்லை என்று ஜெர்சி எழுதிக் கொடுத்தாள். ரகுபதி அதை வாங்கி வைத்துக்கொண்டார்.

ஆவணியில் ஒரு காலை, மறுபடி மாற்று ஆள் வரவில்லை. புது பைலட் சக்திகுமார் வண்டிக்குள் உட்கார்ந்து காத்திருந்தான். ஜெர்சி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ரகுபதிக்குப் போன் செய்தாள்.

"சார், என் ஷிப்ட் முடிஞ்சிது. நான் கெளம்புறேன்."

"இப்பத்தான் ஒரு கேஸு வந்திருக்கு. லாரி இடிச்சி ஒரு பொண்ணு. குன்றத்தூர் வண்டிதான் அடுத்தது. அது வர லேட் ஆவும். இன்னா சொல்ற?"

அவள் தன் கைகளைப் பார்த்தாள். விடிகாலையில் ஊசி போட ஒரு நரம்பைத் தேடி இரண்டு முறை தவறியிருந்தாள்.

"குன்றத்தூர் வண்டியையே அனுப்புங்க சார்."

ஷேர் ஆட்டோவில் நான்கு பேருக்கு நடுவே நெருங்கி உட்கார்ந்து படப்பைக்குப் போனாள். எதிரே சைரன் கேட்டபோதெல்லாம் தலையைக் குனிந்துகொண்டாள். வீட்டில் அமலன் கஞ்சி ஊற்றி வைத்திருந்தான். அவள் தொடவில்லை. படுத்தாள், தூங்கவில்லை. குன்றத்தூர் வண்டிக்காரர்களுக்குப் போன் போட்டு, அந்தப் பெண் என்ன ஆனாள் என்று கேட்கலாம். நம்பரை எடுத்துவிட்டு, அழுத்தாமல் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.