மெத்தென்று போன வெண்கல வாள்

என் வீட்டுக்காரருக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். அரிவாள், கத்தி என்று இரும்போடு மல்லுக்கட்டியே பாதி ஆயுசைக் கழித்தவர். பட்டறையை மூடியதும் சும்மா வீட்டில் உட்கார்ந்து என் பிராணனை வாங்கினார். அப்போதுதான் நாடகக் கம்பெனி மேனேஜர் ஆள் அனுப்பினார். மாயாஜால நாடகமாம். இரும்புச் சங்கிலியை வெட்டிச் சிறை மீளும் ராணிக்கு அசல் வெண்கலத்தில் ஒரு வாள் வேண்டுமாம். பிடித்துப்போனால் நிரந்தர வேலை.

வாளை வார்த்தவர், வழக்கம்போலப் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்கினார். இரும்புக் கத்தியென்றால் இறுகும். இது முழங்காலில் வைத்து அழுத்தியதும் வளைந்தது. மறுபடி காய்ச்சினார், மறுபடி முக்கினார். இன்னும் மெத்தென்று போனது.

"என் கைக்கு என்னவோ ஆயிடுச்சுடி," என்றார். அந்த முகத்தில் அப்படியொரு திகைப்பை நான் பார்த்ததேயில்லை. எனக்குப் பயமாகிவிட்டது.

மறுநாள் எரிச்சலில், ஆறிக்கிடந்த வாளைச் சுத்தியலால் நாலு போடு போட்டார். நிமிர்த்தவா, ஒழித்துக்கட்டவா, அவருக்கே தெரியாது. அடிபட்ட இடம் மட்டும் இறுகி நின்றது. வெண்கலத்துக்கு இரும்புக்கு நேர்மாறான குணம் போலிருக்கிறது. குழப்பத்தோடே விளிம்பு முழுவதையும் சூடாக்காமல் தட்டி முடித்தார். பிறகு ஓர் இரும்புச் சங்கிலியை ஓங்கி வெட்டிப் பார்த்தார். சங்கிலிக்கு ஒன்றும் ஆகவில்லை. வாளில்தான் பள்ளம் விழுந்தது.

"சார், வெண்கலம் இரும்பை வெட்டாது," என்று வாளைப் பார்க்க வந்த மேனேஜரிடம் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். வேலை போச்சு என்று கதவோரம் நின்று நகத்தைக் கடித்தேன்.

"யாருங்க வெட்டச் சொன்னது? மின்னணும், தட்டினா கணீர்னு கேக்கணும், அவ்வளவுதான். சங்கிலியை மெழுகுல செஞ்சு கறுப்படிச்சிடுங்க. நாளைக்கே வேலைக்கு வாங்க."

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இவரோ பேயறைந்தவர் போல நின்றார்.

முதல் நாள் நாடகத்தில் ராணி ஒரே வெட்டில் சங்கிலியை அறுத்தாள். அரங்கமே கை தட்டியது. இவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"அந்த வாளு வெட்டாதுடி!"

"அது மெழுகுச் சங்கிலிங்க. நீங்கதானே செஞ்சீங்க?"

"ஆமா... ஆனா வெட்டிடுச்சே." தன் உள்ளங்கைகளை விரித்துப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. "அப்போ என் கை சரியாத்தானே இருக்கு?"

"முதல்ல ரெண்டு கையையும் சேத்துத் தட்டுங்க," என்றேன்.