பிரசங்கியாருக்காக ஒழித்த அறை

ஜொகூர் பாருவுக்கு வரும் துரைமார் தங்கக் கடலைப் பார்த்தபடி ரெஸ்ட் ஹவுஸ் இருந்தது. செட்டியார்களுக்குக் கடையும் தங்குமிடமுமான கிட்டங்கி இருந்தது. தோட்டங்களிலிருந்து வரும் எங்கள் சனங்களுக்கு ரயில் நிலையத்துத் தாழ்வாரம்தான். அங்கேயும் காவல்காரன் வந்து காலால் நெட்டி எழுப்புவான்.

அந்தக் காலத்தில் நானும் என் கணவரும் நகரத்துக்கு வெளியே, தெப்ராவ் சாலையில், ஒரு தங்கும் வீடு நடத்தினோம். பலகைச் சுவர், அத்தாப்பு ஓலைக் கூரை, பின்னால் கிணறு, அதற்கும் பின்னால் மலாய்க்காரர்கள் குடியிருக்கும் ஒரு கம்பம், சின்னக் கிராமம். ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள், கோர்ட்டுக்குச் சாட்சி சொல்ல வந்தவர்கள், ஊருக்குக் கப்பலேறச் சிங்கப்பூருக்குப் போகிறவர்கள் என்று எப்போதும் ஆள் இருக்கும். தோட்டத்துச் சனங்கள் அதை 'டவுன் வீடு' என்பார்கள். ஏதோ தங்கள் அக்காள் வீட்டுக்கு வருகிற மாதிரி, வாசலில் நின்றே "சோறு இருக்கா?" என்று கேட்டுக்கொண்டு நுழைவார்கள்.

வீடு எங்களுடையதல்ல. ரோடு போடும் காண்டிராக்ட் எடுத்திருந்த ஒரு முதலாளியுடையது. எங்களை வைத்து நடத்தினார். அவரும் கூலியாட்களோடு கப்பலின் அடித்தட்டில் உட்கார்ந்து வந்தவர்தான். தான் எப்படி வந்தோம் என்பதை அவர் யாருக்கும் சொல்வதில்லை. மற்றவர்கள் எப்படி வந்தார்கள் என்பதை மறக்கவும் விடுவதில்லை. அவரிடம் ஒரு மோட்டார் கார் இருந்தது. ஜொகூர் பாருவில் காருள்ள தமிழர்களை அப்போது விரல்விட்டு எண்ணிவிடலாம்.

ரப்பர் விலை அடியோடு விழுவதற்கு முந்தின வருஷம், மழைக்காலம் தொடங்கும் சமயம், ஆயர் ஈத்தாம் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு பெண்ணை அவள் புருஷன் கொண்டுவந்து விட்டான். நிறைமாதம். முதல் இரண்டு பிள்ளைகளும் கூலிகள் குடியிருக்கும் லயத்திலேயே பிறந்து, பிறந்தவுடனே போய்விட்டன. மூன்றாவதையாவது காப்பாற்ற வேண்டுமானால், வலி வந்ததும் ஆஸ்பத்திரிக்குப் போகும்படி டவுனிலேயே போய் இரு என்று தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிரெஸ்ஸர் சொல்லியிருந்தார். புருஷனுக்கு லீவு கிடையாது. மறுநாள் விடியுமுன் பேர் கூப்பிடும் பெரட்டில் நின்றாக வேண்டும். "பாத்துக்குங்க அக்கா" என்று என்னிடம் சொல்லிவிட்டு, வந்த லாரியிலேயே திரும்பிப் போனான்.

அவளுக்குச் சும்மா உட்காரத் தெரியாது. ரப்பர் பால் வெட்டிக் காய்த்துப்போன கை. நான் வேண்டாம் என்றாலும் வாசலைக் கூட்டுவாள், மீன் ஆய்ந்து கொடுப்பாள், கோழிகளோடு சண்டை போடுவாள். ஒரு நாள் கடலைப் பார்க்க வேண்டும் என்றாள். மெதுவாக நடத்திக் கூட்டிப் போனேன். சிங்கப்பூருக்குப் போகும் பாலத்தில் ரயில் ஊர்ந்துகொண்டிருந்தது.

"கடல் மேல போவுதே, நனையாதாக்கா?" என்றாள்.

"கல்லைக் கொட்டி ரோடு போட்டிருக்காங்க. நனையாது."

"அந்தாண்ட இருக்கறது வேற ராஜ்ஜியமா?"

"ஆமா."

"என் புள்ளை பொறந்ததும் ஒரு நாள் தூக்கிட்டுப் போயிக் காட்டணும்" என்று வயிற்றைத் தடவிக்கொண்டாள். அவள் தடவுவதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்குக் கல்யாணமாகிப் பல வருஷமாகியும் ஒன்றும் தங்கவில்லை. அது அவளுக்கும் தெரியும். அதனால்தானோ என்னவோ, குழந்தை உதைக்கும்போதெல்லாம் என்னைக் கூப்பிட்டு, என் கையை எடுத்து வைத்துக் காட்டுவாள்.

ஒரு காலையில் முதலாளியின் கார் வாசலில் வந்து நின்றது. அவர் உள்ளே வராமல் படியில் நின்றபடியே என் கணவரோடு பேசினார். தமிழ்நாட்டிலிருந்து பெரிய பிரசங்கியார் ஒருவர் மலாயா முழுக்கச் சுற்றிச் சமயச் சொற்பொழிவு செய்கிறார், ஜொகூரில் ஒரு நாள் தங்குகிறார், அவரைத் தங்கவைக்கும் பேறு தமக்கே கிடைத்திருக்கிறது என்றார். தன் வீட்டில் கோழியும் ஆடும் சமைப்பதால் அது ஆகாதாம். இந்த வீட்டைக் கழுவி, சாணம் தெளித்து, கூடத்தை ஒட்டிய நல்ல அறையை ஒழித்து வைக்க வேண்டும்.

"அந்த ரூம்ல ஒரு புள்ளத்தாச்சி இருக்காங்க, மொதலாளி" என்றேன் நான், கதவுக்குப் பின்னாலிருந்து.

"அதைத்தான் சொல்ல வந்தேன். அவரு ஆசாரம் பாக்கறவரு. புள்ளை பெறப்போறவ இருக்கற வீட்டுல தண்ணி கூடக் குடிக்கமாட்டாரு. தோட்டத்து ஆளுங்க யாருமே இருக்கக் கூடாது. நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள எல்லாத்தையும் அனுப்பிடு."

"எங்க போவாங்க?"

"நம்ம ரோட்டாளுங்க கொட்டகை இருக்குல்ல? ஒரு ராத்திரிதானே. என்னாப்பா, உன் பெண்டாட்டி எல்லாத்துக்கும் கேள்வி கேக்குது?"

என் கணவர் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் இன்னும் மன்னிக்கவில்லை. "சரிங்க மொதலாளி, ஏற்பாடு பண்ணிடறேன்" என்றார்.

கார் போனதும் அவரிடம் சண்டை போட்டேன். அந்தக் கொட்டகை எனக்குத் தெரியும். நாலு பக்கமும் திறப்பு. குடித்துவிட்டு வரும் ஆண்கள் படுக்கும் இடம். மழை பெய்தால் தரையில் தண்ணீர் ஓடும்.

"வீடு அவரோடது. நாம என்னா பண்றது?" என்றார்.

"பொண்ணு மட்டும் இருக்கட்டும். என்கூட அடுப்படியில படுத்துக்கட்டும்."

"அடுப்படியிலதான் அவருக்குச் சமையல். தீட்டுன்னு சொல்றாங்கல்ல? நீ வாயை மூடிட்டு இருந்தா எல்லாருக்கும் நல்லது."

மறுநாள் மற்ற ஆட்கள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனார்கள். யாரும் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. எழுந்து போ என்றால் எழுந்து போவது அவர்களுக்குப் பழக்கமாகிவிட்டது. அவளும் துணிகளைக் கட்டி வைத்துக்கொண்டு, தான் படுத்திருந்த அறையைத் தானே ஒரு முறை கூட்டினாள். "பெரியவங்க வராங்கன்னா சுத்தமா இருக்கணும்லக்கா" என்றாள்.

அவளைக் கொட்டகைக்கு அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. பின்னாலிருந்த கம்பத்தில் ஒரு மலாய்க்கார அம்மாள் இருந்தார். அந்தப் பக்கத்தில் பிரசவம் பார்ப்பவர் அவர்தான். மலாயில் சித்தி என்கிற மாதிரி, நான் மாக்சிக் என்று கூப்பிடுவேன். அவர் வீட்டில் ஒரு நாள் இடம் கேட்கலாம் என்று அவளைக் கைப்பிடித்துக் கூட்டிப் போனேன். அதற்குள் மழை வலுத்துவிட்டது. கம்பத்துக்குப் போகும் வழியில் ஒரு கால்வாய். அதன்மேல் ஒற்றைப் பலகை. நான் முதலில் கடந்து, திரும்பிக் கையை நீட்டினேன். அவள் என் கையைப் பிடிப்பதற்குள் கால் வழுக்கி, பலகைமேல் பக்கவாட்டில் விழுந்தாள்.

"அக்கா, புள்ளை" என்று மட்டும் சொன்னாள்.

மாக்சிக் எங்களைப் பார்த்ததும் ஒன்றும் கேட்கவில்லை. "மாசோக், மாசோக்" என்று உள்ளே இழுத்துக்கொண்டார். தன் பாயை விரித்தார். தன் சாரோங்கை எடுத்து அவளுக்குச் சுற்றினார். யார், என்ன சாதி, எந்தத் தோட்டம் என்ற கேள்வியே அங்கே எழவில்லை. வலி தொடங்கிவிட்டது, ரத்தமும் போகிறது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதுதான் நல்லது என்றார்.

நான் வீட்டுக்கு ஓடினேன். என் கணவர் வெற்றிலைத் தட்டை அடுக்கிக்கொண்டிருந்தார். முதலாளியிடம் காரைக் கேளுங்கள் என்று அழுதேன். நிலைமையைச் சொன்னதும் அவரும் பயந்துபோனார். குடையைக்கூட எடுக்காமல் சொற்பொழிவு நடக்கும் இடத்துக்கு ஓடினார். அது மட்டும் அவர் கணக்கில் நல்லதாக இருக்கட்டும்.

நான் திரும்பி வந்து அவள் தலைமாட்டில் உட்கார்ந்தேன். காருக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தேன். மழைச் சத்தம்தான் கேட்டது. கடைசியில் இருட்டும் நேரத்தில் மாக்சிக்கின் கையில் குழந்தை பிறந்தது. பெண். நன்றாக அழுதது. அவள் அந்த அழுகையைக் கேட்டுச் சிரித்தாள். முந்தின இரண்டும் அழவேயில்லையாம்.

ஆனால் ரத்தம் நிற்கவில்லை. மாக்சிக் இலைகளை அரைத்துக் கட்டினார், வயிற்றை அமுக்கினார், ஓதினார். நடுவில் முகத்தைத் திருப்பிக்கொண்டு "கசியான்" என்றார். பாவம் என்று அர்த்தம்.

என் கணவர் நனைந்து, ஒற்றையாக வந்து வாசலில் நின்றார்.

"கார் எங்க?"

"பிரசங்கம் முடியட்டும்னாரு. முடிஞ்சதும் மறுபடி போயிக் கேட்டேன். பிரசங்கியாரைச் சிங்கப்பூருக்குக் கொண்டுபோயி விடணும்னுட்டாரு."

"சிங்கப்பூருக்கா? இங்கதானே தங்கறாரு?"

அவர் தரையைப் பார்த்தார். "அத்தாப்புக் கூரை வீடுன்னு யாரோ சொல்லியிருக்காங்க. சிங்கப்பூர்ல ஒரு வியாபாரி மாடிவீடு ஏற்பாடு பண்ணிட்டாராம். அங்க போயிட்டாரு."

எதற்கென்று தெரியாமலே, "என்னா பிரசங்கம் பண்ணாரு?" என்று கேட்டேன்.

"ஜீவகாருண்யம்" என்றார். எறும்புக்கும் அரிசி போட வேண்டும் என்று பேசினாராம். கூட்டத்தில் பல பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்களாம்.

வண்டி போகும் பாதை ராத்திரி முழுக்க வெள்ளத்தில் கிடந்தது; விடிந்து தண்ணீர் வடிந்ததும் மாக்சிக்கின் மகன் மாட்டு வண்டி கட்டினான். ஆஸ்பத்திரியில் டாக்டர் நன்றாகத்தான் பார்த்தார். ரத்தம் நிறையப் போய்விட்டது, காய்ச்சலும் கண்டுவிட்டது என்றார். நான் தினமும் போனேன். ஒரு நாள் அவள் கேட்டாள்: "அந்த ரூமு இப்ப யாருக்கு விட்டிருக்கீங்க அக்கா?"

"காலியாத்தான் இருக்கு."

"அன்னிக்கும் காலியாவா இருந்துச்சு?"

நான் அவள் போர்வையை இழுத்துச் சரிசெய்தேன். வேறு யாரோ முன்பே அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். அவள் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு என்னோடு அதிகம் பேசவில்லை. அந்த வாரத்திலேயே இறந்துபோனாள்.

ஆள் அனுப்பியிருந்தோம். லீவு கிடைத்துப் புருஷன் வந்தபோது அடக்கம் செய்யத்தான் நேரம் இருந்தது. முதலாளி தேங்காயும் பூவும் கொடுத்தனுப்பினார். அவன் அவற்றைத் தொடவில்லை. எல்லாம் முடிந்து அவன் ஆஸ்பத்திரி வாசலில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பிள்ளையைத் தூக்கத் தெரியாமல் தூக்கியிருந்தான். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். பல நாளாக நினைத்திருந்ததைக் கேட்டேன்.

"தம்பி, நீ வேலைக்குப் போயிருவே. பாலு குடுக்கவும் ஆளு இல்ல. புள்ளையை என்கிட்ட குடு. என் சொந்தப் புள்ளையா வளக்கறேன். நீ எப்ப வேணாலும் வந்து பாரு."

அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். கோபமே இல்லை.

"நீங்க நல்லவங்கதான். அவளே ஆளுங்ககிட்டச் சொல்லியனுப்பியிருக்கா. ஆனா இந்தப் புள்ளை அந்த வீட்டுல வளர வேணாங்க்கா."

"நான் அவளைத் தொரத்தலியே."

"நீங்க தொரத்தல. ஆனா அந்த வீட்டுச் சோறுதானே நீங்களும் தின்னுறீங்க?"

துணியால் குழந்தையின் தலையை மூடிக்கொண்டு லாரியில் ஏறினான். தோட்டத்தில் அவன் தங்கச்சி ஒருத்தி கைக்குழந்தைக்காரி, அவள் பால் கொடுப்பாள் என்று மட்டும் சொன்னான்.

விஷயம் தோட்டம் தோட்டமாகப் பரவிவிட்டது. அதன் பிறகு எங்கள் சனங்கள் டவுன் வீட்டுக்கு வரவில்லை. ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள்கூட எங்கள் வாசலைத் தாண்டிப் போய் ரயில் நிலையத்துத் தாழ்வாரத்தில் படுத்தார்கள். முதலாளிக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. ஓட்டுக் கூரை போட்டு, கணக்கெழுதும் கிராணிமார் தங்கும் மெஸ் ஆக்கிவிடலாம் என்றார். "விதி யாரை விட்டுச்சு?" என்று என் எதிரிலேயே சொன்னார். நான் எழுந்து உள்ளே போய்விட்டேன். அடுத்த மாதமே நாங்கள் அந்த வீட்டை விட்டு, பெக்கான் நானாஸ் பக்கம் அன்னாசித் தோட்ட வேலைக்குப் போனோம். கிளம்பச் சொன்னவள் நான்தான். என் கணவர் மறுக்கவில்லை. அவரோடு கடைசி வரை குடும்பம் நடத்தினேன், சமைத்துப் போட்டேன். ஆனால் அவர் சிரிக்கும்போது நான் வேறு பக்கம் பார்த்துக்கொள்வேன்.

ரப்பர் விலை விழுந்து, தோட்டங்களில் ஆட்களைக் கழித்து ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்த காலத்தில், ஒரு முறை அந்தத் தோட்டத்தைத் தேடிப் போனேன். குழந்தை நடக்கத் தொடங்கியிருக்கும் என்று கணக்குப் போட்டு ஒரு சின்னப் பாவாடை தைத்து எடுத்துப் போயிருந்தேன். லயத்தில் பாதிக் கதவுகள் சாத்திக் கிடந்தன. மிச்சமிருந்த ஒரு கிழவர், அந்தக் குடும்பமெல்லாம் போன மாதமே கப்பலேறப் போய்விட்டது என்றார்.

"ஜொகூர் பாருவுல எங்க தங்கினாங்கன்னு தெரியுமா தாத்தா?"

"எங்க தங்குவாங்க? டேசன்லதான்" என்றார்.

பாவாடையை அங்கே இருந்த வேறொரு பிள்ளைக்குக் கொடுத்தேன். அதற்கு அது மிகவும் பெரிதாக இருந்தது.