பத்து நாளில் பச்சை

நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருடம், அப்பாவின் தங்கை ஒரு தகரப் பெட்டியோடு திருநெல்வேலியிலிருந்து டெல்லி வந்து இறங்கினாள். லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸில் எங்கள் வீடு மாடியில் இருந்தது. படியில் எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் அப்பா, பத்து நாள் இருந்துவிட்டுப் போக வந்திருக்கிறாள் என்று சொல்லிக்கொண்டே பெட்டியைத் தூக்கி வந்தார். பத்து நாள் மூன்று மாதமானது. அத்தை அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. பால்கனியில் நின்று, கீழ்வீடுகளின் முன்னால் இருந்த புல்வெளிகளையே பார்த்துக்கொண்டிருப்பாள். மழைக்காலம். புல் முழங்கால் உயரத்துக்கு ஏறியிருந்தது. தோட்டக்கார மாலி நினைத்தால் வருவார், இல்லாவிட்டால் இல்லை.

ஒரு நாள் நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது பெட்டியைக் காணவில்லை. அது இருந்த மூலையில் துருவேறிய புல் வெட்டும் மெஷின் ஒன்று நின்றது. கையால் தள்ளிக்கொண்டு போகிற வகை. தெருவில் பழைய சாமான் வாங்க வந்த கபாடிவாலாவிடம் பெட்டியைக் கொடுத்துவிட்டு அதை வாங்கியிருந்தாள்.

"ஊருக்குப் போகும்போது துணியெல்லாம் எதுல எடுத்துட்டுப் போவ?" என்று அம்மா கேட்டாள்.

"அதை அப்பம் பாத்துக்கிடலாம் மதினி" என்றாள் அத்தை, மண்ணெண்ணெய்த் துணியால் துருவைத் தேய்த்தபடி.

மெஷின் போக, ஓரம் வெட்ட அம்மாவின் பழைய கத்தரிக்கோல், புல் அள்ள இரண்டு அரிசிச் சாக்கு, பிறகு நான். அத்தையின் தொழில் இவ்வளவு கொண்டுதான் தொடங்கியது. அவளுக்கு இந்தி தெரியாது. எனக்கோ தமிழைவிட அதுதான் சரளம். புல் வெட்டித் தரப்படும் என்று நோட்டுத் தாளில் இந்தியில் எழுதி, வீடு வீடாகக் கதவிடுக்கில் செருகியவள் நான்தான். அந்த மெஷினில் பாதி எனக்குச் சொந்தம் என்றே நினைத்திருந்தேன்.

அப்பாவுக்கு முகம் தொங்கிப்போயிற்று. "என் ஆபீஸ்காரங்க வீட்டு வாசல்ல போயி புல்லு வெட்டப் போறியா?"

"அவங்க வீட்லயும் புல்லு வளரத்தான செய்யுது, அண்ணே."

முதலில் கூப்பிட்டது அப்பாவின் மேலதிகாரி வீட்டு ஆண்ட்டி. பன்னிரண்டு நாளில் மகளுக்கு நிச்சயதார்த்தம், விருந்து அந்தப் புல்வெளியில். அத்தை சந்தோஷத்தில் பிளேடை அடிமட்டத்துக்கு இறக்கிவிட்டு, காலை நேரம் முழுக்க மெஷினைத் தள்ளினாள். முடித்து நிமிர்ந்து பார்த்தால் பச்சையே இல்லை. உயரமாக வளர்ந்த புல்லின் அடித்தண்டு மஞ்சளாகத்தான் இருக்கும் என்பது எங்கள் இருவருக்குமே தெரிந்திருக்கவில்லை. நடுவே இரண்டு இடத்தில் மண் தெரிந்தது.

ஆண்ட்டி வெளியே வந்து தலையில் கைவைத்துக்கொண்டார். "யே க்யா கர் தியா?" என்று தொடங்கி மூச்சுவிடாமல் பேசினார். என்ன செய்து வைத்திருக்கிறீர்கள், நாசமாக்கிவிட்டீர்கள், விருந்தாளிகளை எங்கே உட்காரவைப்பேன், இவர்களை எந்த நம்பிக்கையில் கூப்பிட்டேன் என்று நீண்டுகொண்டே போயிற்று.

"என்னட்டி சொல்லுதாங்க?" என்று அத்தை என்னிடம் கேட்டாள்.

"கொஞ்சம் சின்னதா வெட்டிட்டோமாம்" என்றேன்.

அத்தை ஆண்ட்டியின் முகத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு குனிந்து, ஒரு தண்டைக் கிள்ளி நகத்தால் கீறிப் பார்த்தாள். "வேரு நல்லாத்தான் இருக்கு. அருகம்புல்லு லேசுல சாகாது. பத்து நாள்ல பச்சையாயிரும்னு சொல்லு. ஆகலன்னா இந்த மெஷின அவங்களே வச்சிக்கிடட்டும்னும் சொல்லு."

முதல் பாதியை இந்தியில் சொன்னேன். மெஷின் விஷயத்தை விட்டுவிட்டேன். அதற்குப் பதிலாக, தமிழ்நாட்டில் கலெக்டர் வீட்டுப் புல்லையே என் அத்தைதான் வெட்டினாள் என்று சொந்தமாக ஒரு வரி சேர்த்தேன். ஆண்ட்டி நம்பினாரா தெரியாது. வேறு வழியும் அவருக்கு இல்லை.

மறுநாள் காலையிலிருந்து தினமும் போனோம். பார்க்கின் மூலையில் மக்கிக் கிடந்த இலைக்குவியலை அத்தை சாக்கில் அள்ளிவந்து, சல்லடையில் சலித்துத் தூவினாள். மண் தெரிந்த இடங்களில், பார்க் ஓரத்திலிருந்து பெயர்த்த அருகம்புல்லை விரலால் குழிபறித்து நட்டாள். மழை பெய்யாத நாளில் வாளியில் தண்ணீர் சுமந்தோம். ஐந்தாம் நாள் வரை ஒன்றும் நடக்கவில்லை. ஆறாம் நாள் படுத்துக்கொண்டு பார்த்தால் பச்சை தெரிந்தது. பத்தாம் நாள் நின்றபடியே தெரிந்தது.

நிச்சயதார்த்தத்துக்கு எங்களையும் கூப்பிட்டிருந்தார்கள். அத்தை பட்டுச்சேலை கட்டி வந்தாள். அப்பாவோடு வேலை பார்ப்பவர் ஒருவர் புல்லை மெச்சி, யார் உங்கள் மாலி என்று ஆண்ட்டியிடம் விசாரித்தார். ஆண்ட்டி அத்தையைக் கைகாட்டினார். அவர் புரியாமல் அப்பாவைத் திரும்பிப் பார்த்தார்.

அப்பா கையிலிருந்த தட்டை மேஜையில் வைத்தார். "மேரீ பஹன்" என்றார். என் தங்கை. பிறகு, கேட்காமலேயே, "யஹீன் ரஹ்தீ ஹை" என்று சேர்த்துக்கொண்டார். இங்கேதான் இருக்கிறாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் ஆறு வீடு சேர்ந்துவிட்டது. அன்று காலை ஊரிலிருந்து மாமா, அதாவது அத்தையின் கணவர், போன் செய்தார். அப்பா பால்கனியில் நின்று பேசினார். "இல்ல மாப்பிள்ளை, அவ வரமாட்டா. இங்க அவளுக்கு வேலை இருக்கு." அவ்வளவையே இரண்டு மூன்று தரம் சொன்னார்.

எனக்கு மாமாவை நினைத்துப் பாவமாக இருந்தது. அவருக்கு ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று தோன்றியது. போனுக்கு அருகில் போய் உரக்கச் சொன்னேன்: "மாமா, குளிர் வந்தா இங்க புல்லே வளராது. ஜனவரில அத்தை வந்துருவாங்க."

அப்பா சட்டென்று போனைக் கையால் பொத்தினார். தரையில் உட்கார்ந்து பிளேடு தீட்டிக்கொண்டிருந்த அத்தை எழுந்து வந்தாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் அப்பாவின் கையை மெதுவாக விலக்கினாள்.

"குளிருக்கு டாலியாப் பூச்செடி வைக்கப் போறேன். தொட்டிக்குச் சொல்லிட்டேன்" என்றாள்.

நான் சொன்னதற்குத்தான் பதில் சொல்கிறாள் என்று நினைத்தேன். அதை ஏன் என் முகத்தைப் பார்க்காமல், அவ்வளவு சத்தமாக, போனைப் பார்த்துச் சொன்னாள் என்பது மட்டும் எனக்கு விளங்கவில்லை.